கொதிநீரிலும் உப்பளத்திலும் குடியிருக்கும் உயிர்கள்: கேள்வி பதில்

பதினோராம் வகுப்பு மாணவி: மேடம், 70 டிகிரி சூட்டில் முட்டையே வெந்துவிடுகிறதே! வெந்நீர் ஊற்றில் பாக்டீரியா மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய் அம்மா. முட்டை வேகும்போது அதிலுள்ள புரதங்களின் மடிப்பு குலைந்துபோகிறது. வெப்ப விரும்பிகளின் புரதங்களும் அதே 20 அமினோ அமிலங்களால் ஆனவைதான். ஆனால் மடிப்பு இறுக்கமாக இருக்கும், அதைப் பிடித்து வைக்கும் பிணைப்புகளும் கூடுதல்.

1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்று ஒன்றில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் எடுத்த மாதிரியிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா கிடைத்தது. அதற்கு 70 டிகிரிதான் சுகமான சூடு. டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் அதை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். நகலெடுக்க முன்பு பயன்படுத்திய நொதி அந்தச் சூட்டில் செத்துவிடும், சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. தெர்மஸின் 'டாக்' நொதி வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பிராக் மருத்துவத்துக்காக எதையும் தேடிப் போகவில்லை. ஊற்றில் என்ன வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனார். அப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கவே கூடாது என்பேன்.

ஆய்வகப் பணியாளர்: கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியைத் தாண்டியும் வளரும் உயிர் உண்டா?

உண்டு. இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள வெந்நீர்த் துளையிலிருந்து எடுத்த மெத்தனோபைரஸ் என்ற நுண்ணுயிரின் வகை ஒன்று, அதிக அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம். நம் உடம்புச் சூட்டில் அது வளரவே வளராது.

தூத்துக்குடி வாசகர்: எங்கள் பக்கத்து உப்பளத்தில் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. ரசாயனக் கழிவா மேடம்?

எந்தப் பாத்தி என்று பாருங்கள். உப்பு படியும் பாத்தி என்றால் பெரும்பாலும் ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர்களில் உப்பு விரும்பும் வகையின் வேலைதான். டுனாலியெல்லா என்ற பாசியும் கூட இருக்கலாம். வெளியே அவ்வளவு உப்பு இருந்தால் சாதாரண செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி அது சுருங்கிப்போகும். இந்த ஆர்க்கியாக்கள் உள்ளே பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொண்டு ஈடுகட்டுகின்றன. கரோட்டினாய்டு நிறமிதான் அந்த ரோஸ் நிறம், வெயிலிலிருந்து காப்பதும் அதுவே. ஒரு துளியை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டால் செல்கள் வெடித்துவிடும். ஆனால் கடல்நீர் முதலில் வந்து சேரும் இடத்திலேயே நிறம் மாறியிருந்தால், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர்: ஆர்க்கியா என்பதும் பாக்டீரியாதானே?

இல்லை. 1977இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டும் வேறு வேறு என்று காட்டினார். செல் சவ்வின் கொழுப்பே வேறு மாதிரி. அப்புறம், ஆர்க்கியா என்றாலே கொதிநீர், உப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டின் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்குவதும் ஆர்க்கியாதான்.

கல்லூரி மாணவர்: நீர்க்கரடி என்கிற நுண்ணிய பிராணியையும் இந்தக் கடுஞ்சூழல் விரும்பிகளின் பட்டியலில் சேர்க்கலாமா?

நான் சேர்க்க மாட்டேன் தம்பி. முதலில் அது ஒரு விலங்கு. அடுத்து, கடும் குளிரையும் வறட்சியையும் உலர்ந்து சுருண்டு தாங்கிக்கொள்கிறதே தவிர, அந்த நிலையில் தின்பதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை. தெர்மஸ் 70 டிகிரியில்தான் குடும்பம் நடத்துகிறது.