சைட்டேஷனும் கைராசியும்

யூராலஜி (சிறுநீரகம், சிறுநீர்ப்பாதை, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி சம்பந்தப்பட்ட மருத்துவம்) தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற யூராலஜி பேராசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட்டில் கேன்சர், வெளியே எங்கும் பரவவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு டாக்டர்களின் பெயர் கிடைத்தது. துபாயில் இருக்கும் தம்பி இருவரையும் கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்த்தான். ஒருவருக்கு மூவாயிரத்துக்கு மேல் சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 27. இன்னொருவருக்கு நாலைந்து கட்டுரைதான். முதல் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அது சரியா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சகோதரி, தம்பி அக்கறையோடுதான் தேடியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று, அந்த எண் சொல்வது வேறொன்று.

ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு சைட்டேஷன். எச்-இண்டெக்ஸ் 27 என்றால், குறைந்தது 27 தடவையாவது அப்படிக் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 27 இருக்கின்றன என்று அர்த்தம். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 2005-ல் கொண்டுவந்த கணக்கு இது. சக ஆராய்ச்சியாளர்கள் அவருடைய எழுத்தை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று அது சொல்லும். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது எதுவும் அதில் சேராது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். யூராலஜி ஓ.பி.க்குப் போனால் பெரியவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். போன ஒரு மாதத்தில் சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு இருந்ததா, விட்டுவிட்டு வந்ததா, முக்க வேண்டியிருந்ததா, ராத்திரி எத்தனை தடவை எழும்பினீர்கள் என்று ஏழு கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ஐத் தொட்டால் கடுமை. 1992-ல் மைக்கேல் பேரியும் அவர் குழுவும் 'ஜர்னல் ஆஃப் யூராலஜி'யில் வெளியிட்ட அளவுகோல் இது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை எடுத்தாண்டிருக்கின்றன. "தூக்கமே இல்ல டாக்டரே" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத எத்தனையோ பெரியவர்களின் கஷ்டத்தை எனக்குப் புரியவைத்தது அந்தத் தாள்தான். அந்த பேரி, சர்ஜனே அல்ல. அவர் பொது மருத்துவர். சைட்டேஷனை மட்டும் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுத்தால் கத்தியே பிடிக்காதவரிடம் போய் நிற்போம்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். நம்மூர் டாக்டர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே இனிஷியலில் இரண்டு செல்வராஜ் இருந்தால், ஒருவருடைய கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் தனியாக 16 இலக்க எண் கொடுக்கும் ஆர்க்கிட் முறை 2012-ல் வந்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எல்லோரும் இன்னும் அதற்குள் வரவில்லை. அப்புறம், இருபது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பதினோராவது பெயராக இருந்தாலும் முழு சைட்டேஷனும் கணக்கில் வந்துவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்த ஆபரேஷனை அவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று நேராகவே கேளுங்கள். அமெரிக்காவில் 11,522 புராஸ்டேட் ஆபரேஷன்களை அலசி 2002-ல் வந்த ஆய்வில், அதிகம் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. ஒரு வருடம் கழித்து அவருடைய நோயாளிகளில் எத்தனை பேர் சிறுநீர்க் கசிவுக்குத் துணி வைக்காமல் நடமாடுகிறார்கள் என்று கேளுங்கள். கத்தியைப் பிடிக்கப்போவது அவரா, அவரிடம் படிப்பவரா என்றும் கேளுங்கள். இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல சர்ஜன் தன் கணக்கைக் கையில் வைத்திருப்பார்.

ஆராய்ச்சியின் பலன் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் எண்ணைப் பார்க்காமல் ஒரு கட்டுரையைப் பார்க்கலாம். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு யூராலஜிஸ்ட் ஃப்ரெடி ஹாம்டி தலைமையில் 'ப்ரொடெக்ட்' என்ற ஆய்வு நடந்தது. பரவாத புராஸ்டேட் கேன்சர் உள்ள, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,643 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். சுமார் 15 வருடம் கழித்த நிலை 2023-ல் வெளியானபோது, அந்தக் கேன்சரால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 45 பேர்தான். பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் முற்றியவர்கள் மற்ற பிரிவுகளைவிட அதிகம் என்பதும் உண்மை. அதே சமயம் சிறுநீர்க் கசிவு ஆபரேஷன் பிரிவில் அதிகமாக இருந்தது. ஆகவே எந்த டாக்டர் என்று தேடுவதற்கு முன்னால், பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள, கேன்சரின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் ஸ்கோரைக் காட்டி, "இப்போது ஆபரேஷன் வேண்டுமா, கதிர்வீச்சோ கண்காணிப்போ போதுமா?" என்று கேளுங்கள். இரண்டு பேரிடமும் கேளுங்கள். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் அப்பாவை ஒப்படைக்கலாம்.

கேள்வி: எம்.எஸ். இரண்டாம் வருடம் படிக்கிறேன். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்தது. ஏழு நாளில் கட்டுரையை வெளியிடுவார்களாம், இம்பாக்ட் ஃபாக்டர் 6-க்கு மேலாம். பணம் முதலில் கட்ட வேண்டும். தீசிஸை அனுப்பலாமா?
- மருத்துவ மாணவி, நாகர்கோவில்

பதில்: அனுப்ப வேண்டாம் மகளே. படிக்கிற பிள்ளையைப் பேராசிரியர் என்று கூப்பிடுகிறவர்கள் உன் கட்டுரையையும் படிக்க மாட்டார்கள். ஒரு கட்டுரையை இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, மறுபடி பார்ப்பது ஏழு நாளில் முடிகிற வேலை இல்லை. இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஒரு ஜர்னல் கடந்த இரண்டு வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை தடவை எடுத்தாளப்பட்டன என்ற கணக்கு. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்தது. இப்போது அதை வெளியிடுவது கிளாரிவேட் என்ற நிறுவனம் மட்டும்தான். அதே மாதிரி ஒரு பெயரைப் போட்டு ஏதோ ஒரு எண்ணை விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் அந்த ஜர்னல் பெயரை அடித்து, அந்த நூலகம் தேர்ந்தெடுத்த ஜர்னல்களின் தொகுப்பான மெட்லைனில் இருக்கிறதா என்று பார். உன் காலேஜ் லைப்ரரியனிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தீசிஸுக்காக நீ ராத்திரி பகல் பார்க்காமல் சேர்த்த விவரம் அது. ஒரு தடவை இப்படிப்பட்ட இடத்தில் வெளிவந்துவிட்டால் நல்ல ஜர்னல் எதுவும் அதைத் திரும்ப வாங்காது.

கேள்வி: கணவர் ஆழ்கடல் போட்டில் வேலை செய்கிறார். போனால் வாரக்கணக்காகும். கல்லடைப்பு வந்து கல்லை எடுத்தாயிற்று. பால், தயிர் தொடக்கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
- ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். இத்தாலியில் லோரிஸ் போர்கி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்குக் கால்சியத்தைக் குறைத்த சாப்பாடு. மீதிப் பேருக்குக் கால்சியம் வழக்கம்போல, உப்பும் இறைச்சி வகையும் குறைவு. ஐந்து வருடத்தில் கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் மறுபடி வந்தது. மற்ற 60 பேரில் 12 பேருக்குத்தான். சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளைப் பிடித்துக்கொள்வதால், அது சிறுநீருக்குப் போவது குறைகிறது.

ஆகவே குறைக்க வேண்டியது உப்பு. போட்டில் கொண்டுபோகும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், இவைதான் முதலில். தண்ணீர் அதைவிட முக்கியம். அதே போர்கி 1996-ல் 199 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் இரண்டு லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பியது. அப்படிக் குடிக்காதவர்களில் 27 சதவீதம். வெயிலில் வலை இழுக்கிறவருக்கு வியர்வையிலேயே பாதி போய்விடும், கூடுதலாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். கட்டன்சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை.

கேள்வி: யூராலஜிஸ்ட் யாராவது நோபல் வாங்கியிருக்கிறார்களா?
- கல்லூரி மாணவர், குலசேகரம்

பதில்: சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-ல். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புராஸ்டேட் கேன்சர் அடங்கும் என்று அவர் எழுதியது 1941-ல். 25 வருடம் கழித்துப் பரிசு. 1956-ல் வாங்கிய வெர்னர் ஃபார்ஸ்மன் தன் கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு ட்யூபைச் செலுத்திப் பார்த்தவர். பரிசு அதற்குத்தான் என்றாலும், அப்போது அவர் யூராலஜிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: நம் மாவட்டம் மாதிரி இடத்திலிருந்து ஆராய்ச்சி எழுதினால் வெளியே யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நெய்யூர்

பதில்: ஐயா, நீங்கள் இருக்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய சர்ஜன் ஹோவர்ட் சோமர்வெல் 1920-களில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார். அன்றைக்குத் திருவிதாங்கூரில் குடல்புண் கணக்கில்லாமல் இருந்தது. மரச்சீனியே முக்கியச் சாப்பாடாக இருந்த ஜனங்களின் குடலை அவரும் சக டாக்டர் ஐ.எம். ஓரும் வருடக்கணக்காகப் பார்த்து, குறித்துவைத்து, 1936-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி'யில் எழுதினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், நோட்டுப் புத்தகம்தான்.

எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. முதுகில் சின்னத் துளை போட்டுக் கிட்னிக் கல்லை எடுக்கிறார்களே, அதை ஸ்டாக்ஹோமில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் 1976-ல் எழுதியபோது அவர்களிடம் இருந்தது மூன்றே நோயாளிகள். இன்று அந்த முறையால் கல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களில் யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது.  எல்லோரும் செய்கிற வேலையாகிவிட்டால் சைட்டேஷன்கூடக் குறைந்துபோகலாம்.

நம் பகுதி இளம் டாக்டர்களிடம் நான் கேட்பது இதுதான். கல் எடுத்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கல்லை லேபுக்கு அனுப்பி என்ன வகை என்று எழுதுங்கள். அவர் கடலுக்குப் போகிறவரா, ரப்பர் வெட்டுகிறவரா, கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போன் செய்து, கல் திரும்ப வந்ததா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். இப்படி ஒரு நோட்டு ஏற்கெனவே யாரிடமாவது இருந்தால் இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதைக் கட்டுரையாக்க நானும் கூட உட்காருகிறேன்.