கணினி கேள்வி – பதில்: தானாகத் திறக்கும் நோட்பேட்

கேள்வி: லேப்டாப்பை ஆன் செய்து பாஸ்வேர்டு கொடுத்ததும் இரண்டு நோட்பேட் விண்டோக்கள் தாமாகத் திறந்துகொள்கின்றன. இரண்டிலும் ஒரே எழுத்துகள். மேலே சதுர அடைப்புக்குறிக்குள் ‘ஷெல் கிளாஸ் இன்ஃபோ’, அதன் கீழே நீளமாக ஒரு வரி, அது 21787 என்ற எண்ணில் முடிகிறது. மூடிவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மறுநாள் காலையில் திரும்பவும் வந்து நிற்கிறது. போன மாதம் என் தம்பி மகன், பென்டிரைவில் காணாமல் போன ஃபைல்களை மீட்கிறேன் என்று இந்த லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ டைப் செய்தான். ஃபைல்கள் கிடைத்துவிட்டன. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? கடையில் காட்டினால், வைரஸ், ஃபார்மட் அடித்தால்தான் போகும் என்கிறார்கள். மறைந்த என் கணவரின் போட்டோக்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பயமாக இருக்கிறது.
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: அம்மா, ஃபார்மட் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிகள் வைரஸ் இல்லை. விண்டோஸே எழுதி வைத்திருக்கும் ‘டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ’ என்ற குட்டி ஃபைல் அது. ஒரு ஃபோல்டர் என்ன பெயரில், எந்தப் படத்தோடு தெரிய வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் அதற்குள் இருக்கும். 21787 என்பது ‘ஸ்டார்ட்அப்’ என்ற பெயர் விண்டோஸுக்குள் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண். அந்த எண்ணை நீங்கள் பார்த்து எழுதி அனுப்பியதால்தான் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இந்த ஃபைல் எல்லாக் கணினியிலும் உண்டு. மறைந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. உங்களுடையது ஏன் வெளியே வந்தது என்றால், நீங்கள் சந்தேகப்பட்டது சரி, அந்தக் கறுப்புத் திரை வேலைதான்.

பென்டிரைவில் பரவும் ஒரு வகை வைரஸ், ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போட்டு வைக்கும். மறைந்ததை வெளியே கொண்டுவர ‘அட்ரிப்’ என்ற கட்டளை இருக்கிறது. நல்ல கட்டளைதான், நானே கடையில் எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். ஆனால் அதில் எந்த டிரைவ் என்ற எழுத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பென்டிரைவின் எழுத்துக்குப் பதிலாக ஒரு தடவை சி என்று கொடுத்துவிட்டால், லேப்டாப்பில் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஃபைல்களும் வரிசையாக வெளியே வந்துவிடும். தம்பி மகனைத் திட்டாதீர்கள். முதல் தடவை அப்படிக் கொடுத்திருப்பான், பிறகு சரியான எழுத்தைக் கொடுத்து ஃபைல்களை மீட்டிருப்பான்.

உங்கள் டெஸ்க்டாப்பை ஒரு தடவை பாருங்கள். ‘டெஸ்க்டாப்’ என்றே பெயர் போட்ட, காகிதத்தின் மேல் பல்சக்கரம் வரைந்த ஐகான் ஒன்றோ இரண்டோ புதிதாக வந்திருக்கிறதா? இருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

சரி, அது ஏன் தானாகத் திறக்கிறது? விண்டோஸில் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதைப் போட்டாலும், நீங்கள் உள்ளே நுழைந்தவுடன் விண்டோஸ் அதைத் திறந்துவிடும். புரோகிராமா, கடிதமா, பாட்டா என்று பார்க்காது. அந்த ஃபோல்டரின் குறிப்பு ஃபைல் வெளியே வந்ததும் அதையும் திறக்கிறது, அது வெறும் எழுத்து என்பதால் நோட்பேடில் திறக்கிறது. இப்படி இரண்டு ஸ்டார்ட்அப் ஃபோல்டர்கள் உள்ளன: ஒன்று உங்களுக்கு மட்டும், இன்னொன்று அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது. அதனால்தான் இரண்டு நோட்பேட்.

இனி சரிசெய்யும் வழி. கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயை அழுத்தியபடி ஆர் எழுத்தைத் தட்டுங்கள். இடது கீழ் மூலையில் சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல், அடுத்து மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்கும் கோலன், அடுத்து ஸ்டார்ட்அப் என்று இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் அதே பல்சக்கர ஐகான் இருக்கும். அதன் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கீழே ‘ஹிடன்’ என்ற கட்டத்தில் டிக், ஓகே. ஐகான் மறைந்துவிடும். மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, மறைந்த ஃபைல்களையும் காட்டு என்ற வசதி உங்கள் லேப்டாப்பில் ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து இரண்டாவது ஃபோல்டர். அதே பெட்டியில் ஷெல், கோலன், காமன், ஒரு இடைவெளி, ஸ்டார்ட்அப். இங்கே அதே வேலையைச் செய்யும்போது அனுமதி கேட்கும், ‘கன்டின்யூ’ கொடுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், நோட்பேட் வராது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்றைக்கே, உங்கள் கணவரின் போட்டோக்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். அந்தப் பென்டிரைவில் வேண்டாம், புது டிஸ்க்கில் எடுங்கள். கும்பகோணத்தில் 17 வருடமாக சர்வீஸ் கடை நடத்துகிறேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் வேறு எங்கோ ஃபார்மட் செய்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கோயில் திருவிழாப் படங்கள், 11 வருடச் சேமிப்பு. பாதியைத்தான் என்னால் மீட்க முடிந்தது. அவர் கணினி திறக்கும்போது வந்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? அடுத்த கேள்வியில் இருக்கும் அதே பெட்டிதான். இரண்டு நிமிட வேலை அது. இன்றைக்கும் அந்த டிஸ்க்கை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், அந்தப் பென்டிரைவில் வைரஸ் இருந்தது உண்மை. அதனால் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் எதையோ பிடித்து நீக்கியது. அன்றிலிருந்து கணினி திறந்ததும் ‘ரன் டிஎல்எல்’ என்ற தலைப்பில் ஒரு பெட்டி வந்து, ஏதோ மாட்யூலைக் காணவில்லை என்கிறது. அந்த ஃபைலை இணையத்தில் இறக்கிப் போட்டால் சரியாகுமா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள். காணாமல் போனது வைரஸின் ஃபைல். ஆன்டிவைரஸ் அதை நீக்கிவிட்டது, ஆனால் ‘கணினி திறந்ததும் அதைக் கூப்பிடு’ என்று வைரஸ் எழுதி வைத்த உத்தரவு அப்படியே இருக்கிறது. விண்டோஸ் தினமும் கூப்பிட்டுப் பார்த்து, ஆளைக் காணோம் என்று உங்களிடம் சொல்கிறது. அந்த உத்தரவைத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் பெட்டியில் வரும் ஃபைல் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், பட்டியலின் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து ‘கமாண்ட் லைன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எது எந்த ஃபைலைக் கூப்பிடுகிறது என்பது முழுவதுமாகத் தெரியும். தாளில் எழுதிய பெயர் எந்த வரியில் இருக்கிறதோ, அதை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்தால் இதே பட்டியல் அங்கே கிடைக்கும்.

அங்கே இல்லையென்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற விண்டோஸ் வசதியில் பாருங்கள், வைரஸ்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது. இரண்டிலும் சிக்கவில்லையா? மைக்ரோசாப்ட் தன் தளத்தில் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. கணினி திறக்கும்போது கூப்பிடப்படும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். ஃபைல் இல்லாமல் உத்தரவு மட்டும் நிற்கும் வரிகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளாக இருப்பதை எல்லாம் நீக்கிவிடாதீர்கள். நீங்கள் தாளில் எழுதிய ஃபைல் பெயர் உள்ள வரியில் மட்டும் டிக்கை எடுங்கள். தவறிப்போனால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம், டெலிட் செய்தால் அது முடியாது.

கேள்வி: காலையில் கணினியைத் திறந்தால், திரை முழுவதும் சிவப்பாக ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்’ என்று வருகிறது. மூடவும் முடியவில்லை. போன் செய்யலாமா?
– வாசகர் ஒருவர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. மைக்ரோசாப்டின் எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது. அது பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு பக்கம்தான், திரை முழுவதும் பரப்பி வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அடுத்த முறை பிரவுசர் திறந்ததும் பழைய பக்கங்களை ‘ரீஸ்டோர்’ செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். பிறகு அதன் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே அந்த எண்ணுக்குப் பேசிப் பணம் கொடுத்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.