ஆயாவைப் போல நானும் பிரசவம் பார்க்க வேண்டும்: என்ன படிக்கலாம்?

கேள்வி: எனக்கு 26 வயது. என் ஆயா, அதாவது பாட்டி, எங்கள் ஊர் மருத்துவச்சி. அப்பா வயதுக்காரர்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்தான். எனக்கும் அந்த வேலைக்குப் போக ஆசை. பிளஸ் டூவில் வணிகவியல் படித்தேன், அப்புறம் கல்யாணம், இப்போது ஒரு பையன். டவுனில் ஒரு இடத்தில் ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ, உடனே வேலை என்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சேராதீர்கள். பணம் கட்டிவிட்டால் திருப்பிக் கேளுங்கள்.

அந்த ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் பிரசவம் பார்க்கவும் முடியாது. தனியார் மருத்துவமனையில் உதவியாளராகச் சேரலாம், படுக்கை மாற்றலாம், பி.பி. பார்க்கலாம், அவ்வளவுதான். நல்ல கைப்பக்குவம் உள்ள பெண்கள் இப்படி ஏமாந்து பத்து வருடம் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நகரங்களில் சில வாரங்களில் ‘டூலா’ பயிற்சி தருகிறார்கள், அதுவும் வேறு வேலை. வலி எடுத்த பெண்ணுக்குக் கூட இருந்து தைரியம் சொல்வது டூலா, பிள்ளையைக் கையில் வாங்குவது அவர் பொறுப்பில்லை.

நம் ஊரில் மருத்துவச்சிக்கென்று தனி வாசல் கிடையாது, நர்சிங் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது என்பது வேடிக்கை: சென்னையில் 1854-லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டார்கள், நர்ஸ்களுக்கான பயிற்சி 1871-ல்தான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஏ.என்.எம். (துணை செவிலியர்-தாதி) படிப்பு இரண்டு வருடம், கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் சரி, 17 முதல் 35 வயதுவரை சேரலாம். ஜி.என்.எம். (பொது செவிலியம்-தாதியம்) டிப்ளமோ மூன்று வருடம், ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் வேண்டும், அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை தருவார்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு அந்த வழி இல்லை.

உடனே ஏ.என்.எம்.தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், இங்கேதான் பலரும் யோசிக்காமல் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஏ.என்.எம். முடித்து அரசு வேலைக்குப் போனால் கிராம சுகாதார செவிலியர், அதாவது உங்கள் ஊருக்கு வரும் வி.எச்.என். அம்மா. அவர் வேலை துணை சுகாதார நிலையத்தில்: சமவெளியில் சுமார் 5000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒன்று. கர்ப்பமான பெண்ணைக் கண்டுபிடித்துப் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கித் தருவது, மாதாமாதம் எடையும் ரத்தமும் பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி, பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, இதற்கெல்லாம் நடுவில் ரிஜிஸ்டர் எழுதி எழுதி விரல் தேய்வது. மிக நல்ல வேலை. ஆனால் பிரசவம் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஜி.எச்.சுக்கும் போய்விட்டது. அங்கே லேபர் வார்டில் நிற்பவர் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்த ஸ்டாஃப் நர்ஸ். ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து மாதமும் அந்தப் பெண்ணோடு இருக்க ஆசையா, அந்தக் கடைசி இரவில் கூட இருக்க ஆசையா? முதலாவது என்றால் ஏ.என்.எம்., இரண்டாவது என்றால் எப்பாடு பட்டாவது ஜி.என்.எம். முயலுங்கள். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தபின் ஜி.என்.எம். சேரவும் வழி உண்டு, வருடங்கள்தான் கூடும்.

பள்ளியைத் தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று குழுமத்திடமே விசாரியுங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள், அங்கே மாதம் எத்தனை சுகப்பிரசவம் நடக்கிறது? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பார்த்த பிரசவங்களைக் குறிக்கும் கேஸ் புக்கில் கையெழுத்து வாங்கிவிட்டு நிஜத்தில் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி என்று வெளியே வரும் பெண்கள் இருக்கிறார்கள், முதல் நைட் டூட்டியில் அது தெரிந்துவிடும். நான் மாணவியாக இருந்தபோது வார்டு சிஸ்டர் நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்துப்போட்டு, முழுசாக வந்திருக்கிறதா, ஓரத்தில் ஒரு துண்டு குறைகிறதா என்று மூன்று முறை என்னைப் பார்க்க வைத்தார். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே தங்கிய ஒரு சிறு துண்டால் ரத்தம் நிற்காமல் போவதைப் பிறகு பார்த்தபோதுதான் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்தது.

ஆயாவிடம் கற்றது வீணா என்றால், இல்லை. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் துடிப்பு அடங்கட்டும் என்று அந்தக் காலத்து மருத்துவச்சிகள் பொறுத்திருப்பார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்கத்தான் சொல்கிறது. ஆனால் பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி ஆயாவிடம் இல்லை. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து அந்தத் தாய் ரத்தப்போக்கில் இறந்தது நினைவிருக்கும். வீட்டுப் பிரசவம் பார்க்கும் எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தால்கூட விட்டுவிடுங்கள்.

வீட்டிலும் பேசிவிடுங்கள். பல பள்ளிகளில் ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும், வேலைக்கு வந்த பிறகு நைட் ஷிஃப்ட் உண்டு. பையனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால் முதல் வருடத்திலேயே படிப்பு நின்றுபோகும்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து ஐந்து வருடமாக ஐ.சி.யு.வில் இருக்கிறேன். பிரசவம் பார்ப்பதில் மட்டும் மேற்படிப்பு ஏதாவது உண்டா?
- வாசகி, கோவை

பதில்: உண்டு. 2018-ல் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கென்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி, பெயர் ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’. சிக்கலில்லாத பிரசவத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாங்களே பார்த்து, சிக்கல் தலைகாட்டினால் டாக்டரிடம் ஒப்படைப்பவர்கள் இவர்கள். இதில் தெலங்கானா நமக்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆனால் இந்தப் பயிற்சிக்கு லேபர் வார்டு அனுபவம் கேட்பார்கள், ஐ.சி.யு. வருடங்கள் அதற்கு ஈடாகாது. ஆகவே முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே வார்டு மாற்றிக் கேளுங்கள், தரவில்லையென்றால் வேலையையே மாற்றுங்கள். ரத்தப்போக்கிலோ வலிப்பிலோ ஒரு தாய் சரியும்போது பதறாமல் நிற்க ஐ.சி.யு. கற்றுக்கொடுத்திருக்கும். ஒன்றும் செய்யாமல் பொறுமையாகக் காத்திருக்கத்தான் உங்களுக்கு முதலில் கஷ்டமாக இருக்கும்.