வாசகர் கேள்வி பதில்: காட்டின் கணக்கு யார் கணக்கில்?

கேள்வி: பொருளாதாரம் படிக்கிறேன். நாட்டின் மொத்த உற்பத்தியில் காட்டின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை என்று பாடத்தில் இருக்கிறது. அப்புறம் எதற்குக் காட்டைப் பெரிய செல்வம் என்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, விழுப்புரம்)

பதில்: பாடத்தில் இருப்பது சரிதான். ஆனால் அந்த 2 சதவீதத்துக்குள் எதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். வெட்டிய மரம் வரும், விறகுக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்ப்பார்கள், சந்தைக்கு வந்த தேனும் பிசினும் வரும். அதே காட்டு மூங்கில் ஆலைக்குள் போய்க் காகிதமாகிவிட்டால் அந்த மதிப்பு தொழில்துறைக்குப் போய்விடும். காட்டோரம் மேய்ந்த மாடு கறந்த பால் கால்நடைக் கணக்கு. நீலகிரியில் சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றனவே, அந்தத் தண்ணீரை நம்பி 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தின் மின்சாரம் மின்துறைக் கணக்கு. காட்டின் பேரில் எழுத மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

இன்னொன்று, மனிதர்களை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் சுமார் 27.5 கோடி கிராமப்புற ஏழைகள் பிழைப்புக்குக் கொஞ்சமாவது காட்டை நம்பி இருக்கிறார்கள் என்று உலக வங்கியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சதவீதத்தைப் பார்த்துக் காடு சின்ன விஷயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகப் பீடி சுற்றுகிறோம். இலை வடக்கே இருந்து வருகிறது என்று மட்டும் தெரியும். அதைப் பறிப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது?
(குடும்பத்தலைவி, தென்காசி மாவட்டம்)

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் ராத்திரியே இலையை நனைத்து வைத்து, காலையில் தகர அச்சை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவதற்குள் அவர் முதலில் செய்வது, இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஓட்டை இலை அதிகம் வந்தால் நட்டம் கடைக்காரருக்கு இல்லை, சுற்றுகிறவருக்குத்தான்.

அந்த இலை சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காடுகளிலிருந்து வருகிறது. அங்கே அதைத் தெண்டு என்பார்கள். கோடைக்கு முன்பே புதர்களைக் கழித்துவிட, புதுத் துளிர் விடும். ஏப்ரல், மே மாதத்தில் விடியும் முன்னே குடும்பமே காட்டுக்குள் போய்ப் பறித்து வந்து, வீட்டில் உட்கார்ந்து 50 இலையை ஒரு கட்டாகக் கட்டும். அப்படி 1000 கட்டு சேர்ந்தால் ஒரு மூட்டைக் கணக்கு. சத்தீஸ்கர் அரசு 2024இல் அந்த மூட்டைக்கான கூலியை 4000 ரூபாயிலிருந்து 5500 ஆக்கியது. வகுத்துப் பாருங்கள், ஒரு கட்டுக்கு 5 ரூபாய் 50 காசு, ஒரு இலைக்கு 11 காசு. வருடத்தில் சில வாரங்கள்தான் இந்த வேலை, ஆனாலும் மழைக்கு முன் கையில் காசு பார்க்கிற நேரம் அங்குள்ள பல குடும்பங்களுக்கு அதுதான். பீடி உடம்புக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக, இலை பறிக்கும் கையையும் சுற்றும் கையையும் நடுவில் விட்டுவிட்டு அந்தத் தொழிலை மூடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்கிறோமே, நிஜமாகவே யாராவது இலுப்பைப் பூவைச் சாப்பிடுகிறார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: சாப்பிடுகிறார்கள் ஐயா, விற்கவும் செய்கிறார்கள். மத்திய இந்தியாவில் இதன் நெருங்கிய வகையை மஹுவா என்பார்கள். மார்ச், ஏப்ரலில் விடியற்காலை உதிரும் பூவைப் பொறுக்கிக் காயவைக்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், வைத்துக்கொள்ள இடமும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் உடனே வியாபாரியிடம் மலிவாகத் தள்ளிவிட்டு, மழைக்காலத்தில் அதே பூவை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு காலத்தில் சத்தீஸ்கரின் பஸ்தர் சந்தைகளில் சாரைப் பருப்பைக் கொடுத்து உப்பு வாங்கிப் போனார்கள். பாயசத்தில் போடுகிறோமே, அதே சாரைப் பருப்பு. இதையெல்லாம் சரிசெய்யத்தான் 2013-14இல் சிறு வன மகசூலுக்கு, அதாவது காட்டில் பொறுக்கியும் பறித்தும் எடுக்கிற பூ, விதை, தேன் போன்றவற்றுக்கு, குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் வந்தது. சந்தைக்குப் பக்கத்திலேயே கொள்முதல் நிலையமும் குடோனும் இல்லாத ஊரில் அந்த விலை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

கேள்வி: மூங்கில் புல்லா, மரமா? வெட்டினால் வழக்குப் போடுவார்களா?
(விவசாயி, தஞ்சாவூர்)

பதில்: தாவரவியலில் புல். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் 2017 வரை மரம். இந்த ஒரு வார்த்தையால் பாதிக்கப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. காகித ஆலைகளுக்குக் காட்டு மூங்கிலைக் குத்தகைக்குக் கொடுத்தபோது, கூடை முடைபவர் சந்தையில் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது சும்மா கொடுத்த மாதிரிதான். காட்டுக்குள் இருப்பவர் வெட்டினால் மட்டும் திருட்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவன மகசூல் என்று தெளிவாக எழுதிய பிறகும், கொண்டுபோக அனுமதிச் சீட்டு கிடைக்காமலே இருந்தது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா-லேகா என்று ஒரு கோண்டு கிராமம். 'தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பது அந்த ஊரின் முழக்கம். 2009இல் சுமார் 1800 ஹெக்டேர் காட்டின் மீது அதற்குச் சமூக உரிமை, அதாவது ஊருக்கே பொதுவான உரிமை, கிடைத்தது. அதன் பிறகும் வனத்துறை மூங்கிலை விற்க விடவில்லை. ஊர் விடாமல் போராடியதால், 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். ஒரு சீட்டுப் புத்தகம், அவ்வளவுதான். அது வனத்துறை மேசையிலிருந்து ஊர்ச்சபைக்கு நகர்ந்ததும் மூங்கில் பணம் ஊருக்குள் வந்தது. அந்த வட்டாரத்தில் வேறு பல கிராம சபைகளும் பீடி இலையைத் தாங்களே ஏலம் விட ஆரம்பித்தன. வளர்ச்சி, திட்டம் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்த ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2017 நவம்பரில் அந்த மத்தியச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அதன்படி காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் இப்போது மரம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக்குத் தனி வனச் சட்டம் இருப்பதால், உங்கள் வயலில் நட்டது என்றாலும் வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மலையில் கடுக்காய், புளி, தேன் எல்லாம் எடுக்கிறோம். எங்கள் ஊரும் காட்டின் மீது உரிமை கேட்கலாமா?
(இளைஞர், ஜவ்வாது மலை)

பதில்: கேளுங்கள் தம்பி, தாராளமாக. நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டப்படி பட்டா தருவது 2016 வரை இழுத்துக்கொண்டு போனது, இப்போது அந்தத் தடை இல்லை. தனிநபர் நிலத்துக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு வேறு படிவம், ஊர்க்காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கு இன்னொன்று. நீங்கள் கேட்க வேண்டியது கடைசி இரண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, வன உரிமைக் குழு மூலம் கொடுங்கள். பழைய ஆவணம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், குறைந்தது இரண்டு சான்று போதும், ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். மனுவைத் தள்ளினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கடிதம் கைக்கு வந்த தேதியை மறக்காமல் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.