பெரட்டுக்களத்தில் காணாமல் போன நாலு பேர்: புதுக் காய்ச்சல் பற்றிய கேள்வி பதில்

முப்பது வருடத்துக்குக் கிட்ட தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிகளில் உதவி வைத்தியராக இருந்தவன் நான். ஆட்கள் 'டாக்டர் ஐயா' என்பார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். புதுவகை இன்புளுவென்சா ஒன்று உலகம் முழுக்கப் பரவினால் நம் மலைப்பக்கத்தில் முதல் நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, பிறகு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணக்கப்பிள்ளை, தலவாக்கலை: வழக்கமான தடிமன் காய்ச்சலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பிடிப்பது ஐயா?

ஒரு ஆளைப் பார்த்துப் பிடிக்க முடியாது தம்பி. என்னாலும் முடியாது. 38 பாகை காய்ச்சல், இருமல், ஆரம்பித்துப் பத்து நாளுக்குள்: உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறையே இவ்வளவுதான். வருடா வருடம் வருகிற காய்ச்சலும் இதில் விழும், கொவிட்டும் விழும். அதனால் ஆளை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். அது வேலைக்கு வந்தவர்களைப் பதியும் உங்கள் செக்ரோலில் இருக்கிறது.

ஒரு மழைக்காலக் காலை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் நாலு பேர் குறைவு. கங்காணி, "திருவிழாக் களைப்பு ஐயா" என்றார். பேரைக் கேட்டால் நாலு பேரும் ஒரே லயம், அதாவது ஒரே வரிசை வீடு. தெர்மோமீட்டரை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் காம்பராவில் (லயத்து அறையில்) இருபது வயதுப் பையன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான், 39.2. அவன் அண்ணன் கொழும்பில் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போனவன், வரும்போதே இருமலாம். காம்பரா காம்பராவாகக் கேட்டுக்கொண்டே போனேன். அந்தியில் கணக்குப் பார்த்தால் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் அன்று மலையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள்!

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் சொன்னோம், தொண்டைச் சாம்பிள் எடுத்தார்கள். வழக்கமான பருவக் காய்ச்சல் என்றுதான் முடிவு வந்தது. வீண் அலைச்சல் என்று துரைக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுக் காய்ச்சல் வந்தாலும் இதே மாதிரி, ஒரே லயத்தில் நாலு பேர் வேலைக்கு வராமல்தான் வரும்.

ஆசிரியை, பதுளை: எந்த நிலையில் உடனே மேலே அறிவிக்க வேண்டும்?

ஒரே வீடு, ஒரே வகுப்பு, ஒரே பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலையம்) என்று ஓரிரு நாளுக்குள் பலர் விழுந்தால். திடமான இளவட்டம் ஒருவருக்கு நிமோனியா ஆகி மூச்சு வாங்கினால். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கோ, அவரோடு இருந்தவருக்கோ ஒரு கிழமைக்குள் காய்ச்சல் என்றால். நோயாளியைப் பார்த்த தாதியே படுத்துவிட்டால். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தாலே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லலாம். சாம்பிள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் குளிரில் வைத்துப் போகவேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தால்தான் வைரஸ் நன்றாகப் பிடிபடும். இன்னொன்று, எல்லாருக்கும் சாம்பிள் எடுப்பது முதல் நோயாளிகள் மட்டத்தில்தான். ஊரெல்லாம் பரவிய பிறகு அதைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

கொழுந்து எடுப்பவர், மஸ்கெலியா: காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போய்விடும். யார் சொல்வார்?

சரியான கேள்வி தங்கச்சி. மற்றக் கேள்வியெல்லாம் இதற்குப் பிறகுதான். விடிய ரெண்டு பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடும், மலைக்குப் போய்விடலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் தோளோடு தோள் நின்று இருமுவோம். இந்த நோய் முதல் மூன்று நாளில்தான் அதிகமாகத் தொற்றும், நாம் மறைப்பதும் அதே மூன்று நாளைத்தான். காய்ச்சல் வந்தவருக்கு மூன்று நாள் பேர் போட்டுவிடுங்கள் என்று நிர்வாகத்திடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு ஆளுக்கு மூன்று நாள் பேர் போடுவதா, ஒரு கூட்டமே படுத்துக் கொழுந்து முற்றுவதா என்று கணக்காகவே எடுத்துச் சொன்னேன். ஒரு தோட்டத்தில் கேட்டார்கள், மற்றதில் சிரித்தார்கள். நோய் வந்த பிறகு பேசினால் நடக்காது. தலைவர்மார் இப்போதே பேசி வைக்கட்டும்.

ஒரு தாய், பொகவந்தலாவை: காம்பரா ஒன்று, ஆறு பேர் இருக்கிறோம். தனியாக வை என்றால் எங்கே வைப்பது?

தனி அறை என்பது பங்களாவுக்குச் சொன்னது அக்கா. உங்களுக்கு நான் சொல்வது இது. நோயாளி ஜன்னல் பக்கம் படுக்கட்டும், தலைமாடு மற்றவர்களின் கால்மாட்டுக்கு நேரே வரட்டும். குளிர்தான், ஆனாலும் பகலில் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். வெயில் வந்தால் ஆளை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார வைக்கலாம். கவனிப்பது ஒருவர் மட்டும், அது பாட்டியாகவோ பிள்ளைத்தாய்ச்சியாகவோ இருக்க வேண்டாம். இரண்டு பேரும் மாஸ்க் போடுங்கள், கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பீலிக்கு (பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு) தண்ணீர் எடுக்க நோயாளி போகவே கூடாது, அங்கேதான் லயமே கூடும். ஐந்து நாள் தாண்ட வேண்டும், அதோடு பனடோல் இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், அப்புறம் வெளியே விடலாம். சின்னப் பிள்ளைகள் அதைவிடக் கூடுதல் நாள் பரப்புவார்கள்.

கடைக்காரர், ஹட்டன்: மாத்திரை இருக்கிறதாமே?

ஒசெல்டமிவிர். காய்ச்சல் ஆரம்பித்து 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். ஆனால் கடும் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பிந்தினாலும் கொடுப்பார்கள், சாம்பிள் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வைத்தியர் எழுதித்தான் எடுக்க வேண்டும். அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பின்னால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்தால்தான் அதற்கு வேலை.

அவரே: கொத்தமல்லித் தண்ணீர்?

குடியுங்கள். தொண்டைக்கு இதம், உடம்பிலும் தண்ணீர் சேரும். வைரஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு தகப்பன், கம்பளை: காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். இன்புளுவென்சாவோடு அஸ்பிரின் சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் ஒன்று வரலாம். உங்கள் பக்கம் டெங்கும் உண்டு. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பெரியவர்களுக்கும் அஸ்பிரின், புரூஃபன் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் பார்த்துவிடுங்கள். வயல், சேற்றில் இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது.

குடும்ப நல உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்: கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள் சேர்.

2009இல் எச்1என்1 என்ற புதுவகை இன்புளுவென்சா வந்தபோது உலகெங்கும் கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருவருக்கு இரண்டாம் நாள் காய்ச்சல். நெஞ்சு சுத்தமாக இருந்தது, பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் ராத்திரி புருஷன் ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் ஒரு வசனத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு. உதடு மங்கிப் போயிருந்தது. மழையில் தோட்ட லொறியில் இறக்கினோம், அந்த வளைவுகளை இன்னும் மறக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

மற்றவர்களுக்கும் மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம், புத்தி தடுமாறுதல், பிள்ளை பால் குடிக்க மறுத்தல், இறங்கிய காய்ச்சல் திரும்பக் கூடுதலான இருமலோடு வருதல் எல்லாம் ஆபத்து அறிகுறிகள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். மேல் டிவிஷன் பாதைகளில் நேரமெடுக்கும், அதனால் இருட்டுமுன் முடிவெடுங்கள்.

இளைஞர் கழகம், கொட்டகலை: தோட்டத்து வாசலை மூடிவிட்டால்?

அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே இது தொற்றும். வாசலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து என்ன பயன்? 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரிந்த காய்ச்சல், ஜூன் 11ஆம் திகதி உலகத் தொற்று என்று அறிவித்தபோது 74 நாடுகளில் இருந்தது. வாசலுக்கு விடுகிற ஆட்களை லயங்களுக்கு விடுங்கள். நோயாளி வீட்டுக்கு அரிசி, விறகு, தண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைக்க ஆள் தேவை.

ஒரு அம்மா, பண்டாரவளை: வீட்டுக் கோழி நாலைந்து திடீரென்று செத்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

கோழிக்குப் பல நோய் உண்டு, எல்லாம் பறவைக் காய்ச்சல் இல்லை. ஆனால் வெறுங்கையால் தூக்காதீர்கள், அறுத்துக் கறி வைக்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். பிள்ளைகளை இறகு பொறுக்க விட வேண்டாம்.