வீட்டிலேயே குழந்தைகளுக்குக் காட்டக்கூடிய, கேட்டால் நம்ப முடியாத அறிவியல் விந்தை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் வீட்டுத் தோசைக்கல்லிலேயே இருக்கிறது.

கல் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் ஆவியாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஓர் அளவு வரைக்கும் அது சரி. அதற்கு மேல் கதை தலைகீழாகிவிடும். நடுத்தரமாகக் காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று ஓரிரு விநாடியில் காணாமல் போகும். கல்லை இன்னும் நன்றாகக் காயவிட்டு அதே அளவு சொட்டை விடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல்கூட அது சத்தம் போடாமல் உருண்டுகொண்டே கிடக்கும். சூடு கூடினால் சொட்டுக்கு ஆயுசு கூடுகிறது.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், பிள்ளைக்குப் பள்ளியில் கண்காட்சி வருகிறது, நாளைக்கோ மறுநாளோ ஏதாவது கொண்டுபோக வேண்டும், கடையில் விற்கிற தெர்மாகோல் எரிமலையை வாங்க மனசு வரவில்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் நீங்கள் கேட்டது சரியான ஆளிடம்தான். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன டிபன் கடை நடத்துகிறேன். இதே விஷயத்தை என் மகள் எட்டாம் வகுப்பில் செய்தாள். அதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காரணம். நடுத்தரச் சூட்டில் தண்ணீர் கல்லை நேராகத் தொடுகிறது. தொட்ட இடமெல்லாம் குமிழி விட்டுக் கொதித்து, கல்லிலிருந்து சூட்டை வேகமாக உறிஞ்சி, உடனே ஆவியாகிவிடுகிறது. கல் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், சொட்டின் அடிப்பாகம் கல்லைத் தொடுவதற்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய மெத்தையாகச் சொட்டுக்கு அடியில் நிற்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பத்தைக் கடத்துவதில் இருபது மடங்குக்கு மேல் மந்தம். அதனால் கல்லின் சூடு சொட்டுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது. சொட்டு கல்லில் உட்காரவில்லை, அதற்கு மேலே மிதக்கிறது. உரசல் இல்லாததால்தான் லேசாகச் சாய்ந்த பக்கமெல்லாம் ஓடுகிறது.

இதற்கு லைடன்ஃபிராஸ்ட் விளைவு என்று பெயர். யோஹான் காட்லோப் லைடன்ஃபிராஸ்ட் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மருத்துவர். 1756ல் தண்ணீரின் சில குணங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது கண்ணாடிக் குடுவையோ பெரிய கருவியோ இல்லை, ஓர் இரும்புக் கரண்டி. அதைச் சிவக்கச் சிவக்கக் காயவைத்து ஒரு சொட்டு விட்டார். அது முப்பது விநாடிக்கு மேல் நின்றது. அதே கரண்டியில் இரண்டாவது சொட்டு, ஏறக்குறைய பத்து விநாடி. மூன்றாவது சொட்டு சில விநாடிகளில் போய்விட்டது. ஒவ்வொரு சொட்டும் கரண்டியைக் கொஞ்சம் ஆற்றிவிட்டது. ஆற ஆறத் தண்ணீர் இரும்பைத் தொட ஆரம்பித்தது. கரண்டிக்கு அந்தப் பக்கம் மெழுகுவர்த்தியை வைத்து, சொட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக வெளிச்சம் வருவதையும் பார்த்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இந்த மூன்று சொட்டுக் கணக்கை எங்கள் கடை மாஸ்டர் தினமும் காலையில் செய்கிறார்.

கடைக் கல் வீட்டுக் கல் மாதிரி இல்லை. கனத்த இரும்புத் தகடு. விடியற்காலையில் பற்றவைத்தால் காய நேரமாகும், காய்ந்துவிட்டால் லேசில் ஆறாது. மாஸ்டர் ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளிப்பார். கல் அதிகம் காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் சின்னச் சின்ன மணியாகப் பிரிந்து, பாதரசம் மாதிரி உருண்டு ஓரத்துக்கு ஓடும். சத்தமே வராது. அந்த நேரத்தில் மாவு ஊற்றினால் தீர்ந்தது. விழுந்த இடத்திலேயே வெந்து, தேய்க்கத் தேய்க்கக் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாவது கை தெளிப்பார். பாதி உருளும், பாதி சீறும். மூன்றாவது கைக்கு மொத்தக் கல்லும் 'சொய்ங்' என்று சத்தம் போட்டு நுரைக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் காத்திருக்கிறார். உடனே தென்னங்குச்சி விளக்குமாற்றால் ஒரே இழுப்பில் தண்ணீரைத் தள்ளிவிட்டு, பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, மாவை ஊற்றிவிடுவார்.

ஒரு கை தண்ணீருக்கு இவ்வளவு கனத்த இரும்பை ஆற்றும் சக்தி எப்படி வந்தது என்று கேட்கலாம். ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியம் டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் அதை ஆவியாக்க ஆகிறது. தண்ணீர் கல்லைத் தொட்டுக் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு சூட்டையும் கல்லிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லீவு நாளில் கடைக்கு வந்தவள், மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, தண்ணி ஏன் காயாம ஓடுது?" என்று கேட்டாள். அவர், "கல்லு கோவத்துல இருக்கு பாப்பா, தண்ணியக் கிட்ட சேர்க்க மாட்டேங்குது" என்றார். பல வருஷம் கல்லைப் பார்த்த மனுஷன் சொன்ன பதில். தொடவில்லை என்பது அவருக்குக் கண்ணாலேயே தெரிந்திருக்கிறது. நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு கடைக்கு வந்தவன். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு உட்கார்ந்து விளக்கினேன். கண்காட்சிக்கு இதைத்தான் செய்வேன் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள்.

பள்ளியில் போய்ச் சொன்னபோது, "இது சமையல்மா, சயின்ஸ் இல்ல. வேற ஏதாவது மாடல் பண்ணிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை முகம் தொங்கிப்போய் வந்தாள். நான் நேரில் போய், லைடன்ஃபிராஸ்ட் பற்றி எழுதி எடுத்துக்கொண்டு போன தாளைக் காட்டினேன். அப்புறம் தீ கூடாது என்றார்கள். நியாயமான பேச்சு, பிள்ளைகள் கூட்டம் கூடுகிற இடம். இண்டக்ஷன் அடுப்பும் சின்ன இரும்புக் கல்லும் கொண்டுவருகிறோம் என்றேன். ஒருவழியாக மூலையில் ஒரு மேசை கிடைத்தது.

அவள் செய்ததைச் சொன்னால் உங்களுக்கும் உதவும். மருந்து பாட்டிலோடு வருகிற சொட்டுக்குழாய் ஒன்றை வைத்துக்கொண்டாள். அடுப்பை ஒவ்வொரு அளவிலும் வைத்து, கல் காயும்வரை காத்திருந்து, நடுவில் ஒரு சொட்டு விட்டு, போனில் நேரம் பார்த்து நோட்டில் எழுதினாள். அதைக் கோட்டு வரைபடமாகப் போட்டபோதுதான் அழகே தெரிந்தது. குறைந்த சூட்டில் சொட்டு நெடுநேரம் நிற்கிறது, சூடு ஏற ஏறக் கோடு சரசரவென்று இறங்குகிறது, ஒரே விநாடி அளவுக்கு வருகிறது, அப்புறம் திடீரென்று செங்குத்தாக மேலே ஏறுகிறது. ஒரு பள்ளத்தாக்கு. பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்த கோடு இல்லை, அவள் கையால் அளந்த கோடு.

அன்றைக்குக் கூட்டம் அந்த மூலை மேசையில்தான் நின்றது. அதிலும் அம்மாமார்கள். "இத நான் தெனமும் பாக்கேனே, இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்று ஓர் அம்மா கேட்டதை மறக்க முடியாது. அவர் தன் பையனைக் கூப்பிட்டு, உருளுகிற சொட்டைக் காட்டி, அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார். பரிசு எதற்குப் போனது தெரியுமா? கடையில் வாங்கி ஒட்டிய அணைக்கட்டு மாடலுக்கு. விளக்கு எரிந்தது, பார்க்க நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நடுவராக வந்தவர் என் மகளிடம் கேட்ட ஒரே கேள்வி, "தோசை எங்கம்மா?"

பரிசு கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். பரிசை அவளே மறந்துவிட்டாள். அடுப்படியில் நடப்பது அறிவியல் இல்லை என்று படித்தவர்களே பிள்ளையிடம் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காக நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்து வைத்திருந்தார்கள் என்று வாட்ஸாப்பில் வருகிற ரகத்தில் நான் எதையும் சொல்லவில்லை. அறிந்து, அளந்து, எழுதி வைத்தவர் லைடன்ஃபிராஸ்ட்தான். அந்தப் பெருமை அவருக்கே. எங்கள் மாஸ்டரும் அதே கவனத்தோடு அதே விஷயத்தைப் பார்த்திருக்கிறார் என்பதுதான் நான் சொல்வது.

இன்னொருவர் வந்து, 200 இல்லை 193 என்று திருத்துவார். கல் வழவழப்பாக இருக்கிறதா சொரசொரப்பாக இருக்கிறதா, தண்ணீர் சுத்தமா, சொட்டு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். தீமிதிக்கும் இதுதான் காரணம் என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். அது அப்படி இல்லை. கனலும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுகிற நேரமும் மிகக் குறைவு. அங்கே முக்கியமான காரணம் அதுதான்.

உண்மையில் இந்த விளைவு வெளிப்படுகிற வேறு இடங்கள் நிறைய உண்டு. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது சும்மா விடாமல் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? சும்மா விட்டால் ஆவி ஒரு போர்வையாகச் சுற்றிக்கொண்டு இரும்பை ஆறவிடாது. சுழற்றினால் போர்வை கிழியும். அணு உலைகளில் எரிபொருள் குழாயைச் சுற்றி இந்த ஆவிப் போர்வை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே பொறியாளர்கள் தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். வந்துவிட்டால் தண்ணீர் சுற்றி இருந்தும் குழாய் ஆறாமல் கெட்டுவிடும். 2006ல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்கள் ரம்பப் பல் மாதிரி வெட்டிய பித்தளைத் தகட்டைக் காயவைத்து, சொட்டுகளை மேட்டைப் பார்த்து ஏறவே வைத்தார்கள். அந்த வீடியோ யூடியூபில் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

யூடியூப் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஓட்டல் தோசை முறுகலாக வர என்னமோ கெமிக்கல் போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ மாற்றி ஒரு வீடியோ வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டே, "மாவுல என்ன கலக்குறீங்க அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். எங்கள் கடை மாவில் அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் கடலைப்பருப்பு. அவ்வளவுதான். முறுகல் வருவது கல்லின் கனத்தால். மாவு விழுந்ததும் மெல்லிய வீட்டுக் கல் சட்டென்று ஆறிவிடும். கனத்த தகடு சூட்டைச் சேர்த்து வைத்திருப்பதால் ஆறாமல் தாங்கும். மாவில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் 140 டிகிரிக்கு மேல் சேர்ந்து சிவக்கும். அந்த நிறமும் மணமும் அதிலிருந்துதான். வீடியோ போடுகிறவர்கள் ஒரு நாள் கல் பக்கத்தில் வந்து நின்று பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை.

நீங்கள் செய்வதாக இருந்தால் சில விஷயங்கள். நான்ஸ்டிக் தவாவில் கண்டிப்பாக வேண்டாம். வெறும் தவாவை அந்த அளவுக்குக் காயவிட்டால் மேல்பூச்சு சிதைந்து கெட்ட புகை வரும். இரும்புக் கல்தான் சரி. எண்ணெய் இல்லாமல் நன்றாகத் துடைத்துவிடுங்கள், எண்ணெயில் தண்ணீர் பட்டால் மேலே தெறிக்கும். ஒரு நேரத்தில் ஒரு சொட்டு மட்டும். பிள்ளை கையை நீட்டாமல் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும், சொட்டை நீங்கள் விடுங்கள், நேரத்தை அவர்கள் பார்க்கட்டும். கல் நடுவில் கொஞ்சம் குழிவாக இருந்தால் சொட்டு ஓடாமல் நிற்கும், அளக்க வசதி. அம்மாவோ பாட்டியோ வருஷக்கணக்கில் பழக்கி வைத்த கல்லாக இருந்தால் அதை எடுக்காதீர்கள், வெறுங்கல்லாக அப்படிக் காய்ந்தால் பழகிய பக்குவம் போய்விடும். பழைய கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். காலைக் கூட்டம் முடிந்து பதினொரு மணிக்கு மேல்தான் பதில் எழுத முடியும்.