பிள்ளைக்கு வயதான குதிரை

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வென்றதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். ஆறு மாதமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். பந்தயத்திலிருந்து விலகிய மூன்று வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிக் கொடுத்தால் இருவரும் சேர்ந்தே பழகிக்கொள்வார்கள் அல்லவா?
— ஒரு தந்தை, கோவை

பதில்: வாங்காதீர்கள் ஐயா. பந்தயக் குதிரைக்குக் கடிவாள வார் இறுகினால் அதில் சாய்ந்து ஓடித்தான் பழக்கம். உங்கள் மகள் பயந்து வாரை இழுத்தால், அது நிற்பதற்குப் பதில் வேகமெடுக்கலாம்.

19 வயதில் நானும் இதே ஆசையில் நான்கு வயதுக் குதிரை ஒன்றைப் பழக்க எடுத்தேன். சேணத்தில் எனக்கு உட்காரவே சரியாக வராத காலம். தடுமாறும்போதெல்லாம் வாரைப் பிடித்துத்தான் சமாளித்தேன். ஒவ்வொரு இழுப்பும் அதன் வாயில் போய் இறங்கியது. மூன்றே மாதத்தில், நான் வாரைத் தொடும் முன்பே தலையைத் தூக்கி உதற ஆரம்பித்துவிட்டது. என் ஆசிரியர் அதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. இன்றும் அந்தக் குதிரையை நினைத்தால் மனசு வலிக்கும்.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் இளம் லிப்பிசானர் இனக் குதிரைகளைத் தேர்ந்தவர்கள்தான் பழக்குவார்கள். புதிதாகச் சேருகிற மாணவருக்கு அனுபவமுள்ள குதிரைதான் குரு. குதிரையைத் தன்னைச் சுற்றி ஓடவிடும் நீளமான 'லஞ்ச்' கயிற்றை ஆசிரியர் பிடித்துக்கொள்ள, வாரும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) இல்லாமல் வட்டத்தில் உட்காரக் கற்பதுதான் அங்கே ஆரம்பப் பாடம்.

உங்கள் மகளுக்கும் அதுதான் வேண்டும். அவளுடைய பள்ளியில் பதினைந்து வயது தாண்டிய, சாதுவான குதிரையைக் கேளுங்கள். லஞ்ச் கயிற்றில், அங்கவடி இல்லாமல், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். வலப்பக்க வட்டத்தில் வலது இடுப்பெலும்பில் எடை இறங்கினால் அந்தக் குதிரை தானாக உள்ளே வளையும். மூச்சை விட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் ட்ராட்டிலிருந்து (மெதுவோட்டம்) நடைக்கு வரும். தப்பாகக் கேட்டால் தப்பாகவே செய்து காட்டும். எந்த ஆசிரியரும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்று வயதுக் குதிரைக்கு முதுகெலும்பு முற்றவே இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். விவரம் தெரிந்த கையில், பெரிய வட்டத்தில், இரு பக்கமும் சமமாக, கொஞ்ச நேரம் ஓடினால் போதும். பார்க்க வேண்டியது தாளம்: ஒரு சுற்றுக் காலடிக்கு நடையில் குளம்பொலி நான்கு தட்டு, ட்ராட்டில் இரண்டு. தாளம் சீராகி, குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தி, மூக்கால் 'ப்ர்ர்' என்று நீளமாக ஊதும். முதுகு இளகிவிட்டது என்று அர்த்தம். அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாரை இழுத்துக் கழுத்தை வளைத்துக் காட்டுவதைத் தயவுசெய்து ட்ரெஸ்ஸாஜ் என்று நம்பாதீர்கள்.

குதிரைக்கு ஒதுக்கிய பணத்தை இரண்டு வருடப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இளம் குதிரை இருந்தால், சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) பக்கத்தில் நிற்க, அதைத் தேய்த்துவிடவும் கயிற்றில் நடத்தவும் அவளை விடச் சொல்லுங்கள்.